திருமலையில் பாடசாலை தேடிய பெற்றோர்

புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்கள் வீடு மாற எண்ணும்போது முதலில் விசாரிப்பது அந்த வட்டாரத்துப் பாடசாலையைப் பற்றித்தான். நல்ல பாடசாலையின் எல்லைக்குள் வீடு கிடைத்தால், வாடகை கூடினாலும் தயங்காமல் குடியேறுகிறார்கள். இது மேலைநாடுகளில் கற்றுக்கொண்ட பழக்கம் என்று சிலர் கருதுகின்றனர். திருகோணமலையின் கல்வி வரலாற்றைப் பார்த்த எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

திருமலை வந்து குடியேறியோரின் நகரம். துறைமுகமும் 1957 வரை அங்கிருந்த பிரித்தானியக் கடற்படைத் தளமும் அரச அலுவலகங்களும் பல ஊர்களின் குடும்பங்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தன. அக்காலத்தில் பாடசாலையைத் தெரிவு செய்வது என்பது பெரும்பாலும் சமயத்தைத் தெரிவு செய்வதாகவே இருந்தது. உத்தியோகத்திற்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலத்திற்கு மிஷன் பாடசாலை வேண்டும். புனித சூசையப்பர் கல்லூரி 1867இல் தோன்றியது. சைவப் பெற்றோரின் தவிப்புக்கு விடையாக 1897இல் இந்துக் கல்லூரி எழுந்தது. 1925இல் அதன் பொறுப்பை இராமகிருஷ்ண சங்கம் ஏற்றது. சுவாமி விபுலாநந்தர் அதன் அதிபராகவும் பணியாற்றினார். பெண்பிள்ளைகளுக்காக 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் தொடங்கிய பாடசாலையே இன்றைய ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி.

1945இல் வந்த இலவசக் கல்வி கட்டணம் என்ற தடையை நீக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளை அரசின் கைக்கு மாற்றின. சமயம் வகித்த இடத்திற்குக் காலப்போக்கில் தூரம் வந்தது. பல ஆண்டுகள் நடைமுறையிலிருந்த சுற்றறிக்கையின்படி, முதலாம் தர அனுமதியில் 50 வீதம் அருகில் வசிப்போருக்கு. 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. இடமாற்றம் பெற்று வரும் அரச ஊழியருக்கு 4 வீதம். வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கு 1 வீதம்.

கேட்பதற்கு இது நியாயமான ஏற்பாடு. ஆனால் அருகில் வசிப்பதை எவ்வாறு நிரூபிப்பது? காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, மின்கட்டணப் பட்டியல். நகரத்தில் தலைமுறையாகக் காணி வைத்திருப்பவரிடம் இவை இருக்கும். அந்தப் பாடசாலையின் பழைய மாணவரும் அநேகமாக அவரே. 2006இல் சம்பூரிலிருந்து உடுத்த உடையோடு வெளியேறிக் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்த தகப்பன் எந்த உறுதியைக் காட்டுவார்? சம்பூர் மகா வித்தியாலயம் கடற்படையிடமிருந்து மீண்டது 2016இல்தான். பத்து ஆண்டுகள் என்பது ஒரு பிள்ளையின் பாடசாலைப் பருவத்தில் பெரும்பகுதி.

ஆக, தாமாக இடம்மாறியவருக்கே தெரிவு இருந்தது. துரத்தப்பட்டவருக்குக் கிடைத்ததே பாடசாலை.

அண்மையிலுள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை என்று அரசு ஒரு திட்டத்திற்குப் பெயர் சூட்டியது. மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் ஆசிரியர் நிலைத்திருக்கும் நாளில்தான் அந்தப் பெயர் பொருள்பெறும். புலத்திலிருந்து தம் பழைய கல்லூரிக்கு மண்டபம் கட்டிக் கொடுக்கும் அன்பர்கள், தாம் படிக்காத அந்தப் பாடசாலைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது என் விண்ணப்பம்.