மட்டாஞ்சேரி ஜன்னலும் லீட்ஸ் சிமெண்ட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் பண்ணினாங்க. "தெருப்பக்கத்து ஜன்னல் நிலை கையோட வந்துடுச்சுடா."

மட்டாஞ்சேரி வீடு. அப்பா இருந்தவரை அசையாமல் நின்ற தேக்கு நிலை. பத்து வருஷம் முன்னால் அதைச் சுற்றி விரிசல் விட்டபோது, இங்கிருந்து பணம் அனுப்பி "கெட்டியா சிமெண்ட் வச்சு அடைச்சிடுங்க" என்று சொன்னது சாட்சாத் நானேதான். :-(

எங்கள் ஊர் பழுது பார்ப்பதில் பேர் போன ஊர். அங்கே இருக்கும் 'டச்சு அரண்மனை'யை 1555 வாக்கில் கட்டி, கொச்சி ராஜா வீரகேரள வர்மாவுக்குக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். 1663-ல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைச் சீர் செய்தார்கள். பேர் அவர்களுக்குப் போய்விட்டது! கட்டியவனை விட, பழுது பார்த்தவன் பேர்தான் நின்றது.

அந்தக் காலத்து வீடுகளுக்குச் செம்புரைக்கல் சுவர், கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்புச் சாந்து. கொச்சியில் வருஷத்துக்குச் சுமார் 3000 மி.மீ. மழை. ஜூனில் மரம் ஊதும், மார்ச்சில் சுருங்கும். சுவரோ அப்படியே நிற்கும். ஆக, இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் வருவது இயற்கை. சுண்ணாம்பு மென்மையானது, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். உள்ளே போன ஈரத்தையும் வெளியே விடும். மயிரிழை விரிசல் என்றால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே மறுபடி படிந்து தானாக மூடிக்கொள்ளும்.

சிமெண்ட் அப்படியில்லை. இறுகிவிடும். மரம் சுருங்கியதும் ஓரத்தில் நூலிழை இடைவெளி விழும். அதில் இறங்கிய மழைநீர் வெளியேற வழியில்லாமல் மரத்துக்குப் பின்னாலேயே தங்கும். வெளியே பார்த்தால் பளிச்சென்று இருக்கும், உள்ளே நிலை உளுத்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

வேடிக்கை என்ன தெரியுமா? போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு 1824-ல் காப்புரிமை வாங்கிய ஜோசப் ஆஸ்ப்டின், நான் இப்போது பிழைப்பு நடத்தும் இதே லீட்ஸ் நகரத்துக் கொத்தனார். பணம் மட்டுமல்ல, புத்தியும் இங்கிருந்தே போயிருக்கிறது!

அம்மா ஒரு பழைய ஆசாரியைப் பிடித்துவிட்டார். மழை ஓய்ந்து சுவர் காய்ந்த பிறகுதான் வேலை என்கிறாராம். முதலில் சிமெண்ட்டைக் கல் உடையாமல் கொத்தி எடுக்கவேண்டும். உளுத்த அடிப்பாகத்தை மட்டும் அறுத்து, அதே ஜாதி மரத்தில் ஒட்டுப்போட வேண்டும். பிறகு சுவரை நனைத்து, சுண்ணாம்புச் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்தது என்று வைக்கவேண்டும். கடைசியில் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய்.

"அப்போ இனிமே விரிசலே வராதா?" என்று அம்மா கேட்டிருக்கிறார்.

"வரும்மா. வரணும். வந்தா வருஷா வருஷம் பூசிக்கலாம்" என்றாராம்.

வருஷா வருஷம் பூச அங்கே ஆள் இருக்கவேண்டுமே. அதை அவர் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

இந்த முறை நான் பணம் மட்டும் அனுப்பவில்லை. டிசம்பருக்கு டிக்கெட்டும் போட்டிருக்கிறேன்.