சவ்வரிசி வந்த வழி

சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலிலிருந்து தெற்கு நோக்கிச் சிறிது நடந்து, டெம்பிள் தெருவையும் ஸ்மித் தெருவையும் கடந்தால் ஒரு சிறு தெரு வரும். சேகோ தெரு என்பது அதன் பெயர். அதனை அடுத்துச் சேகோ சந்து. முதியோர் பலருக்கு அச்சந்து என்றதும் வேறொன்றே நினைவுக்கு வரும். சாகுந் தறுவாயிலிருந்த ஏழைச் சீனர்களைக் கொண்டுவந்து கிடத்தும் வீடுகள் அங்கே இருந்தன. 1961-ஆம் ஆண்டில் அரசு அவற்றைத் தடை செய்தது. இன்று அவ்விடத்தருகே 2007-இல் திறக்கப்பெற்ற புத்தர் கோயில் நிற்கின்றது. ஆயினும் அத்தெருவின் பெயர் சாவைப் பற்றியதன்று, சோற்றைப் பற்றியது. சேகோ என்பது நம் வீடுகளில் பாயசத்துக்கும் வடாத்துக்கும் ஆகும் சவ்வரிசியேயாகும். 1840-களில் அப்பகுதியில் சவ்வரிசித் தொழிற்சாலைகள் நிறைந்திருந்தமையால் வந்த பெயர் அது.

சொல்லையும் சிறிது பார்த்தல் தகும். மலாய் மொழியில் 'சாகு' என்பது ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. அது மணி மணியாக உருண்டு தமிழகத்துக்கு வந்தபோது, மணியாய் இருப்பதெல்லாம் அரிசி என்னும் நம்மவர் வழக்கப்படி 'அரிசி' என்ற சொல்லோடு சேர்ந்து சவ்வரிசி ஆயிற்று. பேச்சில் அது ஜவ்வரிசி எனத் திரிந்தது. ஜாவாவிலிருந்து வந்த அரிசி ஆதலின் ஜவ்வரிசி என்று விளக்கம் கூறுவாரும் உளர். கேட்க இனிமையாக இருப்பினும், மலாய்ச் சொல் கண்முன்னே இருக்கும்போது அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

சிங்கப்பூரின் சவ்வரிசித் தொழிலில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. அத்தொழிலுக்கு வேண்டிய மரம் அவ்வூரில் பயிரிடப்பெற்றது அன்று. சாகுப் பனை சதுப்பு நிலத்து மரம். சுமத்ராவின் கீழ்க்கரையிலும், போர்னியோவின் ஆற்று முகங்களிலும், அவற்றுக்கும் கிழக்கேயுள்ள தீவுகளிலும் அது செழித்து வளரும். பத்து முதல் பதினைந்து ஆண்டு வளர்ந்து, தன் வாழ்நாளில் ஒரே முறை பூத்து, பின் பட்டுப்போகும். பூப்பதற்குச் சற்று முன்னரே அதனை வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் சேர்த்து வைத்த மாவு முழுவதும் தண்டினுள் இருக்கும். ஒரு நல்ல மரத்தில் 150 முதல் 300 கிலோ வரை மாவு கிடைக்கும். தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றைத் துருவி, பாயின்மேல் இட்டு நீர் வார்த்து மிதித்து, கீழே வடியும் பாலைத் தெளியவிட்டால் மாவு அடியில் தங்கும். போர்னியோவின் முக்கா ஆற்றங்கரையில் மெலனாவ் இனத்துப் பெண்களே இவ்வாறு மிதிக்கும் வேலையைச் செய்துவந்தனர்.

சுமத்ராவில் மரத்திலிருந்து மாவு எடுத்து உண்பதை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதினார். 19-ஆம் நூற்றாண்டில் இத்தீவுகளைச் சுற்றிவந்த ஆல்பிரட் ரசல் வாலஸ், ஒருவன் பத்து நாள் உழைத்தால் ஓராண்டுக்கு வேண்டிய சாகு கிடைத்துவிடும் என்று கணக்கிட்டு, இவ்வளவு எளிதிற் கிடைக்கும் உணவு மக்களைச் சோம்பராக்கும் என்று முடிவு கட்டினார். அவர் கணக்குச் சரியாக இருக்கலாம், முடிவு சரியன்று. தமக்கு வேண்டியதற்கு மேலும் அம்மக்கள் மிதித்தனர். அந்த மிகுதியே கப்பல் கப்பலாகச் சிங்கப்பூருக்குச் சென்றது.

அவ்வாறு சென்றது மணியன்று, ஈர மாவு. சரவாக்கில் அதனை லெமந்தாக் என்பர். அது நெடுநாள் நில்லாது. புளித்து நாறத் தொடங்கும். சாகு ஏற்றிய படகு வருவதைக் கண்ணுக்கு முன் மூக்கு அறியும் என்னும்படியான நாற்றம். ஆகவே வெட்டியவனும் மிதித்தவளும் நல்ல விலை வரட்டும் என்று சரக்கை வைத்திருக்க இயலாது. வந்த விலைக்கு விற்றாக வேண்டும். இந்த ஒரு குறிப்பை மனத்திற் கொண்டால் பின்னர் நிகழ்ந்தவை எல்லாம் விளங்கும்.

மாவை மணியாக்கும் முறையை முதலிற் கையாண்டவர் மலாக்காச் சீனர் என்பர். 1819-இல் சிங்கப்பூர் ஆங்கிலேயர் துறைமுகமானதும் தொழில் அங்கே பெயர்ந்தது. 1849-ஆம் ஆண்டில் ஜே. ஆர். லோகன் என்பார் தாம் நடத்திய தீவுக்கூட்ட ஆராய்ச்சி இதழில் சாகுவைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று வரைந்தார். அக்காலத்துச் சிங்கப்பூரில் ஐரோப்பியர் நடத்தியவை ஓரிரண்டாக, ஏனைய தொழிற்சாலைகள் எல்லாம் சீனருடையனவாகவே இருந்தன.

செய்முறை எளியது; ஆனால் கை தேர வேண்டும். புளித்த மாவைப் பெருந் தொட்டிகளில் இட்டு நீர் விட்டுக் கலக்கித் துணியில் வடிகட்டுவர். தெளிந்த நீரை இறுத்துவிட்டு மீண்டும் புது நீர். இவ்வாறு பன்முறை கழுவியபின் நாற்றம் நீங்கி வெண்மை தோன்றும். அரை ஈரமாக உலர்த்தி, உடைத்து, பொடியைத் தொங்கும் துணியில் இட்டுத் தொட்டில் போல முன்னும் பின்னும் ஆட்டுவர். ஆட்ட ஆட்டப் பொடி ஒன்றோடொன்று ஒட்டி உருண்டு மணியாகும். சல்லடையில் சலித்து, ஒத்த மணிகளைப் பிரித்து, சூடான இரும்புச் சட்டியில் வறுத்தெடுத்தால் மேற்புறம் வெந்து இறுகி முத்துப்போல் ஆகிவிடும். இனி அது கெடாது. இலண்டனுக்கும் போகலாம், கல்கத்தாவுக்கும் போகலாம், வாங்குவோன் வரும் வரை மூட்டையிலும் இருக்கலாம். பொருளின் ஆயுளை நீட்டியவன் கையில் விலை சொல்லும் உரிமையும் வந்து சேர்ந்தது. சுங்கமில்லாத் துறைமுகம், நீர் வளம், சீனத் தொழிலாளர், நாற்றிசைக்கும் செல்லும் கப்பல் ஆகிய நான்கும் சிங்கப்பூரில் ஒருங்கே வாய்த்தன. மரம் வாய்க்கவில்லை, அது தேவைப்படவும் இல்லை.

அத்துறைமுகத்தின் ஆற்றில் அந்நாளில் தொங்கான் ஓட்டியவருள் பெரும்பாலார் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள். கப்பலுக்கும் கிட்டங்கிக்கும் இடையே சரக்கைக் கொண்டுசென்றவை அவர்கள் படகுகளே. சவ்வரிசி மூட்டைகளிற் பலவும் தமிழர் கைவழியேதான் கப்பலேறியிருக்க வேண்டும்.

போர்னியோக் கரையில் இவ்வாணிகம் அரசியலாகவும் மாறிற்று. முக்கா முதலிய சாகு விளையும் ஆறுகள் புருணை சுல்தானுடையனவாக இருந்தன. அங்கே உண்டான பூசல்களால் சரக்கு வரவு தடைப்பட்டது. சரவாக்கின் வெள்ளை ராஜா ஜேம்ஸ் புரூக் தலையிட்டு, 1861-இல் அக்கரையைத் தம் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டார். பாயசத்தில் இடும் வெண்மணிக்காக ஒரு நாட்டின் எல்லை நகர்ந்தது என்றால் மிகையாகாது.

இந்தியாவில் சவ்வரிசிக்குக் கிடைத்த இடம் தனித்தன்மை உடையது. நோயாளிக்குக் கஞ்சி, குழந்தைக்குக் கூழ், வடநாட்டில் விரத நாளில் உண்ணத்தக்க பொருள் என அது மூவகையாற் பரவியது. தானியம் விலக்கிய நாளில் தானியம் அல்லாத இதை உண்ணலாம் என்றனர். கடல் கடந்து வந்த சரக்கு விரதச் சாப்பாடாயிற்று. இதனை யாரும் முரணாகக் கருதவில்லை.

இதற்கிடையே மணியின் உள்ளே வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவிலும் பிற இடங்களிலும் சீனர் மரவள்ளியைப் பெருமளவிற் பயிரிட்டனர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அக்கிழங்கின் மாவும் அதே தொட்டிலில் அதே போல் உருண்டது. பனை பத்தாண்டு எடுக்கும். கிழங்கு பத்து மாதத்தில் வரும். நிலத்தின் சத்தை உறிஞ்சிவிட்டு வேறு காட்டுக்குப் போகும் பயிர் என்று மரவள்ளிக்குக் கெட்ட பெயர் இருந்தபோதிலும் வாணிகம் அதனை விடவில்லை. ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு மாவைக்கூட உருட்டிச் சேகோ என விற்றனர். மணியின் வடிவமே பெயராகிவிட்டது. மாவு எதுவென்று கேட்பார் குறைந்தனர்.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இந்தியாவுக்குச் சவ்வரிசி வரும் வழி அடைபட்டது. உலகுக்கெல்லாம் சவ்வரிசி அளித்த சிங்கப்பூரில், அரிசி கிட்டாமல் மக்கள் வீட்டுக் கொல்லைகளில் மரவள்ளி நட்டு அவித்துத் தின்று மூன்றரை ஆண்டு கழித்தனர். அந்நாளை நினைவில் வைத்த முதியோர் பலர் பின்னர் அக்கிழங்கைத் தொடவும் மறுத்ததுண்டு.

அதே கிழங்கு சேலத்தில் வேறொரு கதையைத் தொடங்கிற்று. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா (1880–1885) காலம் முதல் ஊக்குவிக்கப்பெற்ற மரவள்ளி, சேலம் மாவட்டத்து மேட்டு நிலங்களிலும் விளைந்தது. அங்கே குச்சிக்கிழங்கு என்பர். சேலத்தில் மீன் வாணிகம் செய்த மாணிக்கம் செட்டியார் தொழில் நிமித்தம் கேரளம் சென்றுவந்தவர். அங்கே கிழங்கு மாவைக் கண்டு, வெளிநாட்டு மாவுக்கு இது ஈடாகும் என்று உணர்ந்தார். பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவருக்கு மணி உருட்டும் முறை தெரிந்திருந்தது. இருவரும் சந்தித்ததன் பயனாக 1943-இல் சேலத்துச் சவ்வரிசி பிறந்தது. கப்பல் நின்றபோதும் கைத்தொழில் ஒரு மனிதரோடு கடல் கடந்துவிட்டது! வெங்கடாசலக் கவுண்டர் என்னும் கைதேர்ந்த இயந்திரத் தொழிலாளர் பழைய தகரத்தையும் பீப்பாய்களையும் கொண்டே கருவிகள் அமைத்துக் கொடுத்தார். நாளுக்கு இரண்டு மூட்டையாக இருந்த உற்பத்தி இருபத்தைந்து மூட்டை வரை உயர்ந்தது என்பர்.

உடனே ஓர் இடையூறும் வந்தது. 1944-இல் எங்கும் உணவுப் பஞ்சம். கிழங்கு ஏழையின் உணவு; அதனை ஆலைக்கு அனுப்பலாகாது என்று மாவட்டக் கலெக்டர் தடை விதித்தார். உற்பத்தியாளர் சங்கம் அமைத்து மேலதிகாரிகளிடம் முறையிட்டுத் தடையை நீக்கச் செய்தனர். வரலாறு எழுதுவோர் இதனை அதிகாரியின் குறும்பார்வையாகக் காட்டுவதுண்டு. அவ்வாறு தள்ளிவிடுதல் நேர்மையன்று. முந்திய ஆண்டுதான் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டிருந்தனர். விளைந்ததை அங்கேயே அவித்துத் தின்பதா, அரைத்து விற்றுக் காசாக்குவதா என்ற வினா ஏழை நாடு எதிலும் ஆலை எழும்போது எழுவதேயாம். சேலத்தில் ஆலை வென்றது. வென்றபின் அவ்வினாவை எவரும் எழுப்பவில்லை.

1949 அளவில் ஏறத்தாழ 45 ஆலைகள். 1957-இல் ஏறத்தாழ 125. பாலைத் தெளியவிடும் தொட்டிகள், சாக்குத் துணியில் ஆட்டும் தொட்டில், வறுக்கும் தகடு, வெயிலில் உலர்த்தும் களம், பால் எடுத்தபின் மாட்டுத் தீவனமாகும் திப்பி என்று ஒரு தொழிலுக்குரிய சொற்களெல்லாம் சேலத்து வழக்கில் ஏறின. பனை மாவன்று, கிழங்கு மாவு ஆதலின் இது போலி என்ற வழக்கு ஓய்ந்து, சாகுப் பனை அல்லது மரவள்ளி இரண்டில் எதன் மாவாலானதும் சவ்வரிசியே என இந்திய உணவுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 1981-இல் ஆலைக்காரர் சேர்ந்து சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். 2023-இல் 'சேலம் ஜவ்வரிசி' புவிசார் குறியீடு பெற்றது. மலாய்ச் சொல்லும் சீனர் கைமுறையும் அமெரிக்கக் கிழங்கும் சேர்ந்த பொருளுக்குச் சேலத்தின் பெயர் சட்டப்படி உரியதாயிற்று. சிங்கப்பூரில் தேக்காவை அடுத்த மளிகைக் கடைகளில் இன்று தமிழகத்துச் சவ்வரிசிப் பொட்டலங்கள் அடுக்கப்பட்டுள்ளன. முக்காவிலோ, முன்போல் ஈர மாவை ஏற்றி அனுப்பாமல், அங்கேயே ஆலை வைத்து உலர்ந்த மாவாக்கி விற்கின்றனர்.

ஆனால் சேலத்து ஆலை வாயிலில் பழைய கதையின் ஒரு பகுதி இன்னும் மாறவில்லை. உழவர் கிழங்குக்கு எடையால் மட்டும் விலை பெறுவதில்லை. மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று ஆலையில் அளந்து அதற்கேற்ப விலை கூறுகின்றனர். மக்காச்சோள மாவைக் கலந்து சவ்வரிசி செய்கின்றனர், அதனால் கிழங்கு விலை வீழ்கின்றது என்ற முறையீடும் அவ்வப்போது எழுகின்றது. தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்கத் தொடங்கும். விலை படியாவிட்டாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போக உழவரால் முடிவதில்லை.