நடுக்கடலில் அணைந்த விளக்கு: சோலார் பேட்டரியின் கதை

இந்த முறை கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் கடல்.

வீட்டில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தியைத் தேடுவோம், விசிறியை எடுப்போம், மின்வாரியத்தைத் திட்டுவோம். கரையிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி, இரவில், ஒரு சின்ன ஃபைபர் படகில் பேட்டரி செத்துப் போனால்? விளக்கு இல்லை. ஜிபிஎஸ் இல்லை. வயர்லெஸ் இல்லை. அந்த வழியாக வரும் சரக்குக் கப்பலுக்குக் கீழே ஒரு படகு இருப்பதே தெரியாது. கடலில் கப்பல்கள் மோதாமலிருக்க 1972-ல் ஒரு சர்வதேச விதித்தொகுப்பு உருவானது. அதன்படி 7 மீட்டருக்குக் குறைந்த, 7 நாட் வேகத்துக்கு மேல் போக முடியாத எஞ்சின் படகுகூட, எல்லாத் திசையிலும் தெரிகிற ஒரு வெள்ளை விளக்காவது காட்ட வேண்டும். அந்த ஒற்றை விளக்கின் உயிர் ஒரு பேட்டரியில் இருக்கிறது. அந்த பேட்டரியின் உயிர் பகல் வெயிலில் இருக்கிறது.

இந்தச் சோலார் பேட்டரியின் வரலாற்றைப் படிக்கும்போது ஒரு வேடிக்கை தெரிந்தது. இதில் பல முக்கியமான கட்டங்கள் "ஏன் வேலை செய்யவில்லை?" என்ற கேள்வியில்தான் ஆரம்பித்திருக்கின்றன. கடலும் அடிக்கடி வந்து தலைகாட்டுகிறது.

ஒரே வீட்டுப் பிள்ளைகள்

1839-ல் பிரான்சைச் சேர்ந்த எட்மண்ட் பெக்கரல், தன் தந்தையின் ஆய்வுக்கூடத்தில், ஒரு கரைசலில் மூழ்கிய உலோகத் தகடுகளின் மேல் வெளிச்சம் பட்டால் மின்சாரம் உண்டாவதைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 19! (நாம் அந்த வயதில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசிக்க வேண்டாம்.) பின்னாளில் அவரிடம் உதவியாளராக இருந்தவர் காஸ்டன் பிளாண்டே. இந்த பிளாண்டேதான் 1859-ல், இரண்டு ஈயத் தகடுகளை இடையில் துணி வைத்துச் சுருட்டி, கந்தக அமிலத்தில் இறக்கி, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். 1881-ல் கமில் ஃபோர் ஈயத் தகட்டில் ஈய ஆக்சைடு பசையைப் பூசினார். பேட்டரி பெரிய அளவில் தயாரிக்கும் பொருளாக மாறியது அதன் பிறகுதான்.

ஆக, வெயிலிலிருந்து மின்சாரம், அதைச் சேர்த்து வைக்கும் பெட்டி, இரண்டின் வேரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கிறது. ஆனால் இரண்டும் கைகோர்க்க இன்னும் நூறு வருடம் ஆனது.

கேபிளில் ஒரு கோளாறு

1873. கடலுக்கடியில் தந்தி கேபிள் போடும் காலம். வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கேபிளைச் சோதிக்க, அதிக மின்தடை உள்ள செலினியம் கம்பிகளைப் பயன்படுத்தினார். அளவுகள் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தன. அவரும் உதவியாளர் ஜோசப் மேயும் தேடிப் பார்த்ததில் காரணம் அகப்பட்டது. கம்பி இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தால் மின்தடை குறைகிறது, மூடினால் கூடுகிறது. குற்றவாளி வெளிச்சம்! 1876-ல் ஆடம்ஸ், டே என்ற இருவர், செலினியம் வெளிச்சத்தில் தானே மின்சாரம் தரும் என்று காட்டினார்கள். 1883-ல் நியூயார்க்கில் சார்லஸ் ஃபிரிட்ஸ் செலினியத்தில் சோலார் தகடே செய்துவிட்டார். விழும் வெளிச்சத்தில் சுமார் 1 சதவீதம்தான் மின்சாரமானது.

அடுத்த கோளாறு 1940-ல். பெல் ஆய்வுக்கூடத்தில் ரஸ்ஸல் ஓல் கையில் இருந்த சிலிக்கான் துண்டில் ஒரு விரிசல். வெளிச்சம் பட்டதும் அது எதிர்பாராத அளவுக்கு மின்னழுத்தம் காட்டியது. இன்றைய எலக்ட்ரானிக்ஸுக்கே அடிப்படையான பி-என் சந்தியை உலகம் அப்படித்தான் சந்தித்தது.

மூன்றாவதுதான் நம் கதைக்கு நேரடியானது. வெப்பமும் ஈரமும் நிறைந்த ஊர்களில் தொலைபேசிக்குப் பயன்பட்ட பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போயின. அதற்கு மாற்று தேடும் வேலை பெல் ஆய்வுக்கூடத்தின் டாரில் சாப்பினிடம் வந்தது. முதலில் செலினியத்தை முயன்றார், தேறவில்லை. பிறகு ஜெரால்டு பியர்சன், கால்வின் ஃபுல்லர் இருவருடனும் சேர்ந்து சிலிக்கானில் இறங்கினார். 1954 ஏப்ரல் 25 அன்று, 6 சதவீதத் திறனுள்ள சோலார் செல்லை உலகுக்குக் காட்டினார்கள். யோசித்துப் பாருங்கள், நம் ஊர் போன்ற புழுக்கத்தில் பேட்டரி கெட்டுப்போனதற்கு விடை தேடித்தான் இன்றைய சோலார் செல் பிறந்திருக்கிறது.

வானம் போய், கடலுக்கு வந்தது

விலைதான் யானை விலை. அதனால் முதலில் விண்வெளிக்குப் போனது. 1958 மார்ச்சில் ஏவப்பட்ட வான்கார்டு-1 செயற்கைக்கோளில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள். ஒன்று சாதாரண பேட்டரியில் ஓடியது, சில மாதங்களில் ஓய்ந்தது. மற்றொன்று சோலாரில் ஓடியது, 1964 வரை பேசியது.

பூமியில் சோலாரை முதலில் வரவேற்றவர்களில் கடல்காரர்களும் உண்டு. ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் 1966-ல் நாகசாகிப் பகுதியின் ஓகாமி தீவுக் கலங்கரை விளக்கத்தில் 225 வாட் சோலார் அமைத்தது. அன்று உலகிலேயே பெரியது அதுதான். இன்று ஒரு வீட்டு மாடியில் இருக்கும் ஒற்றைப் பேனலே அதைத் தாண்டிவிடும். 1970-களில் எலியட் பெர்மன், எக்ஸான் நிறுவனப் பணத்தில், எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் கழித்துப் போட்ட சிலிக்கானை வாங்கிச் செல் செய்து, ஒரு வாட் 100 டாலர் என்றிருந்ததை 20 டாலருக்கு இறக்கினார். முக்கியமான வாடிக்கையாளர்கள் யார் தெரியுமா? மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணற்று மேடைகள். அங்கே எச்சரிக்கை விளக்குகளுக்குப் பயன்பட்ட ரீசார்ஜ் ஆகாத கனமான பேட்டரிகளைப் படகில் கொண்டுபோய் மாற்றுவதற்கே பெரும் செலவானது. இந்தியாவில் சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977-ல் முதல் சோலார் செல்லையும், 1978-ல் முதல் பேனலையும் செய்தது.

சரி, படகில் என்ன கோளாறு?

இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டு படகுக்கு வருவோம். பேட்டரி ஏறவில்லை என்றால் எல்லோரும் முதலில் பேனலைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் பேனலில் அசையும் பாகம் எதுவும் இல்லை, சுலபத்தில் சாகாது. வான்கார்டில் முதலில் போனது பேட்டரிதானே! அதனால் எளிதில் கெடுவதிலிருந்து வரிசையாகப் போக வேண்டும்.

முதலில் இணைப்புகள். உப்புக்காற்றில் செம்பு பச்சையாகக் களிம்பு பிடிக்கும், டெர்மினலில் வெள்ளையாகப் பூக்கும். பார்க்க ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும், கரண்ட் போகாது. ஒயர்களைக் கழற்றிச் சுரண்டிச் சுத்தம் செய்து, இறுக்கி, மேலே கிரீஸ் அல்லது வாசலின் தடவினாலே பல நேரம் வேலை முடிந்துவிடும். ஃப்யூஸையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இரண்டாவது பேட்டரி. சார்ஜ், லோடு இரண்டையும் கழற்றிச் சில மணி நேரம் விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12 வோல்ட் ஈய பேட்டரி 12.6-க்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் காலி. காலியாகவே வாரக்கணக்கில் கிடந்தால் தகட்டில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். கடல் சீற்றத்தில் படகு கரையில் கிடக்கும் நாட்களில் பேட்டரி பாழாவது இப்படித்தான். அந்த நாட்களிலும் பேனல் இணைப்பை எடுக்கக் கூடாது. அமில மட்டம் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். கடல்நீர் உள்ளே போனால் குளோரின் வாயு வரும். பழைய நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் மிகவும் பயந்த விஷயம் அது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனும் வரும் என்பதால் பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது பேனல். நல்ல வெயிலில், இணைப்பைக் கழற்றிவிட்டு அளந்தால், 36 செல் உள்ள 12 வோல்ட் பேனல் சுமார் 20 வோல்ட் காட்ட வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஏன் 20 என்று கேட்கலாம். முழுதாக ஏற்ற 14.4 வோல்ட் வரை வேண்டும், வெயிலில் பேனல் சூடானால் வோல்டேஜ் குறையும், ஒயரிலும் கொஞ்சம் போகும். அதற்காகத்தான் 36. ஒயர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் அந்த மிச்சமும் காணாமல் போய்விடும். பறவை எச்சமும் உப்புப் படிவும் சில செல்களை மறைத்தாலே மொத்த கரண்டும் விழும், ஏனென்றால் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கப்பட்டவை.

நான்காவது சார்ஜ் கண்ட்ரோலர். பேனல் சரி, பேட்டரி சரி, ஆனால் இணைத்ததும் பேட்டரியின் வோல்டேஜ் ஏறவில்லை என்றால் இங்கேதான் கோளாறு. இரவில் பேட்டரியிலிருந்து பேனலுக்குக் கரண்ட் திரும்பி ஓடாமல் தடுப்பதும் இதன் வேலை.

எல்லாம் சரியாக இருந்தும் விடிவதற்குள் அணைகிறதா? அப்போது கணக்குப் போட வேண்டும். 5 வாட் எல்ஈடி விளக்கு 11 மணி நேரம் எரிந்தால் 55 வாட்-மணி. 40 வாட் பேனல் நல்ல நாளில் கழிவு போக 150 தரலாம். கூடவே ஒரு 20 வாட் விளக்கைச் சேர்த்தால் அதற்கு மட்டுமே 220 வேண்டும். எதுவும் பழுதாகவில்லை, வரவை விடச் செலவு அதிகம், அவ்வளவுதான்.

இப்போது

1991-ல் சோனி லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2017 ஜனவரியில் கேரளத்தின் வைக்கத்தில் 75 பேர் ஏறும் 'ஆதித்யா' படகு, சோலாரிலும் லித்தியத்திலும் ஓட ஆரம்பித்தது. லித்தியத்தில் அமிலம் இல்லை, எடையும் குறைவு. ஆனால் உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் ஆபத்து என்று நினைத்தால் இணைப்பையே துண்டித்துவிடும். மீட்டரில் 0 காட்டும். செத்துவிட்டது என்று தூக்கி எறியாமல், சரியான சார்ஜரில் போட்டுப் பார்க்க வேண்டும்.

பெக்கரலிலிருந்து ஆதித்யா வரை 178 வருடங்கள். இத்தனை பேர் மூளையைக் கசக்கிக் கொடுத்த விளக்கு, ஒரு களிம்பு பிடித்த ஒயரால் நடுக்கடலில் அணையலாம். கரையில் இருக்கும்போது பத்து நிமிடம் செலவழித்து அந்த ஒயரைச் சுரண்டிவிட்டால், இரவில் வரும் கப்பல் மாலுமியின் கண்ணுக்கு அந்தப் படகு தெரியும். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அதை விட வேறென்ன வேண்டும்?