கையே காலாக

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை பேர் வடம் பிடித்தாலும், வடம் கட்டிய விதமும் சக்கரத்துக்குக் கொடுக்கும் கட்டையும் சரியாக அமையாவிட்டால் தேர் அசையாது. மனிதனிடம் பலம் இருந்தால் மட்டும் போதாது. அது செல்லும் வழியும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

அந்தத் தேரடியில்தான் ஊதுபத்தி விற்கும் ஒருவரைச் சந்தித்தேன். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில், ராஜபாளையத்திலிருந்தே வருகிறாராம்.

"கால் போனதுகூடப் பழகிப் போச்சு, அண்ணாச்சி. இந்தத் தோள் வலிதான் தூங்க விடமாட்டேங்குது" என்றார்.

வண்டியைக் கவனித்தேன். கைப்பிடி அவருடைய மோவாய்க்கு நேராக இருந்தது. ஆசனமோ வெகு பின்னால். ஒவ்வொரு சுற்றுக்கும் முதுகைச் சாய்மானத்திலிருந்து எடுத்து, எட்டிப் பிடித்தாக வேண்டும்.

இந்த வண்டியின் பூர்வோத்தரம் சுவையானது. 1655-ல், ஜெர்மனியில் நூரெம்பர்க் அருகே ஆல்ட்டார்ஃப் என்ற ஊரில், நடக்க இயலாத கடிகாரக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் ஸ்டீஃபன் ஃபார்ஃப்லர், வயது 22. கைப்பிடியைச் சுற்றினால் முன்சக்கரம் உருளும்படி, தமக்கென்று ஒரு மூன்று சக்கர வண்டி செய்துகொண்டார். இருசக்கர வண்டி தோன்றிய 1817-க்கு நூற்றறுபது வருஷம் முந்திய காரியம் இது! செய்தவரும் ஓட்டியவரும் ஒருவரே. ஆகவே தம் கையின் நீளம் அவருக்குத் தெரிந்திருந்தது.

பிற்காலத்தில் வண்டிகள் பெருகின. அளவு மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டது. கால் தசையோடு ஒப்பிட்டால் கைத் தசை சிறியது. தோள்மூட்டோ எட்டவும் திரும்பவும் அமைந்ததே தவிர, ஓயாமல் பாரம் தள்ள அமைந்ததல்ல. வண்டியில் ஓர் அங்குலம் பிசகினால் தோள்தான் தண்டனை அனுபவிக்கிறது.

பந்தய வண்டி செய்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். கைப்பிடி சுழலும் அச்சு தோளுக்குச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். கை மிகவும் நீளும்போதும் முழங்கை சிறிது மடங்கியிருக்க வேண்டும். இரு கைப்பிடிகளும் சைக்கிள் மிதியைப்போல மாறி மாறி வராமல் ஒன்றாகவே சுழல வேண்டும். மாறிச் சுழன்றால், வண்டி பக்கவாட்டில் திரும்பாமல் தடுப்பதற்கே சக்தியில் ஒரு பங்கு போய்விடும்.

2004-ல் ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் இந்தப் பந்தயம் இடம்பெற்றது. 2001-ல் கார்ப் பந்தய விபத்தில் இரு கால்களையும் இழந்த இத்தாலியர் அலெக்ஸ் ஸனார்டி, 2012-ல் லண்டனில் இரண்டு தங்கப் பதக்கம் வென்றார். அவர் மண்டியிட்டு ஓட்டினார். இடுப்பும் வயிறும் அவருக்கு வசப்பட்டிருந்ததால் உடம்பின் கனமும் கைக்குத் துணை நின்றது. முதுகுத்தண்டில் அடிபட்டு வயிற்றுத் தசை இயங்காதவரை அப்படி உட்கார வைக்க முடியுமா? அவர் மல்லாந்து சாய்ந்துதான் ஓட்ட வேண்டும். ஆளுக்கு ஏற்றபடி வண்டி மாற வேண்டுமேயொழிய, வண்டிக்கு ஏற்றபடி ஆள் மாற முடியாது.

ஃபார்ஃப்லரின் ஜாதியைச் சேர்ந்தவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. ராஜபாளையத்துக்குத் தெற்கே ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கழுத்தில் அடிபட்டுக் கைகால் இயக்கத்தை இழந்தவர். எங்கே வலிக்கிறது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊதுபத்திக்காரரை ஒரு சைக்கிள் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் ஆசனத்துக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தி, முன்னே தள்ளிப் பூட்டினார். அரை மணி நேர வேலை.

ஒரு மாதம் கழித்து அவரை மறுபடி பார்த்தேன். "வலி போயிற்றா?" என்று கேட்டேன்.

"முழுசாப் போகலை, அண்ணாச்சி. ஆனா, ராத்திரி தூக்கம் வருது."