திருகோணமலைத் தேர்தற்றொகுதி: நிலமும் வாக்கும்

திருகோணமலையைப் பற்றி எழுதியோரிற் பெரும்பாலார் அதன் துறைமுகத்தைப் பற்றியே எழுதினர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனக் கடல்வழி வந்த ஒவ்வொரு வல்லரசும் அத்துறைமுகத்தின் மீது கண்வைத்த வரலாறு பலரும் அறிந்ததே. அத்துறைமுகத்தைச் சூழ வாழ்ந்த மக்கள் தமக்கெனப் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுத்த வரலாறு அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. ஆராய்ந்தோரும் எந்தக் கட்சி வென்றது, எவர் வென்றார் என்பதோடு அமைந்துவிட்டனர். வாக்காளன் வாக்களிக்கு முன்னரே தேர்தலின் முடிவிற் கணிசமான பகுதியைத் தீர்மானித்துவிடும் இரண்டு காரணிகள் உள. ஒன்று, தொகுதியின் எல்லைக்கோடு. மற்றது, வாக்குகளை ஆசனங்களாக மாற்றும் விதி. திருகோணமலை மாவட்டத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டும் வேட்பாளரின் நாவன்மையிலும் வலிமை வாய்ந்தனவாக இருந்து வந்துள்ளன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

டொனமூர் யாப்பின் கீழ் அமைந்த அரசாங்க சபையிலே திருகோணமலைக்குத் தனித் தொகுதி இருக்கவில்லை. திருகோணமலை–மட்டக்களப்பு என்னும் நீண்ட கரையோரத் தொகுதியொன்றின் வடக்கு முனையாகவே அது அமைந்தது. 1943இல் நடைபெற்ற இடைத்தேர்தலில் அத்தொகுதியின் உறுப்பினரான வ. நல்லையா மட்டக்களப்பைச் சேர்ந்தவர். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கக் கோரிய ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் பிரேரணை 1944இல் விவாதத்துக்கு வந்தபோது, தமிழையும் சேர்த்துக்கொள்ளவேண்டுமெனத் திருத்தம் கொண்டுவந்தவர் அவரே. அத்திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மொழியுரிமை பற்றிய பாராளுமன்ற வரலாற்றில் திருகோணமலையின் பெயர் முதலில் இடம்பெறுவது இவ்வாறு ஓர் இணைத்தொகுதியின் பெயரிலேயாம்.

சோல்பரி யாப்பு இந்நிலையை மாற்றியது. 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம் என்பதோடு, ஆயிரம் சதுர மைல் நிலப்பரப்புக்கும் ஓர் ஆசனம் என அது விதித்தது. நிலப்பரப்புக்கென ஒதுக்கப்பட்ட 25 ஆசனங்களுள் நான்கு கிழக்கு மாகாணத்துக்குக் கிடைத்தன. அம்மாகாணம் பெற்ற மொத்த ஆசனங்களோ ஏழு. அதாவது பாதிக்கு மேற்பட்டவை ஆளுக்காக அன்றி மண்ணுக்காகக் கிடைத்தவை. சனச்செறிவு குன்றிய பிரதேசங்களில் வாழும் சிறுபான்மையினருக்கு மறைமுகமாக உதவுவதே இவ்வேற்பாட்டின் நோக்கம் எனக் கூறப்பட்டது. ஆனால் வெற்று நிலம் வாக்களிப்பதில்லை. அந்நிலத்தில் நாளை எவர் குடியேறுகின்றாரோ, அந்த ஆசனம் காலப்போக்கில் அவரைச் சார்ந்துவிடும். யாப்பை ஆக்கியோர் இதனை உய்த்துணர்ந்தனரோ இல்லையோ, பின்னர் ஆட்சிக்கு வந்தோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

1947 பொதுத் தேர்தலில் மாவட்டத்துக்குத் திருகோணமலை, மூதூர் என இரு தொகுதிகள் அமைந்தன. மூதூரில் ஐக்கிய தேசியக் கட்சியின் அபூபக்கர் வெற்றிபெற்றார். திருகோணமலையில் தமிழ்க் காங்கிரசைச் சேர்ந்த எஸ். சிவபாலன் தெரிவானார். அத்தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் வென்ற ஏழு ஆசனங்களுள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வெளியே இருந்தது இது ஒன்றே. 1952இல் இதனிலும் குறிப்பிடத்தக்க நிகழ்வொன்று நேர்ந்தது. சமஷ்டிக் கோரிக்கையுடன் முதன்முறையாகப் பொதுத் தேர்தலைச் சந்தித்த தமிழரசுக் கட்சி இரண்டே ஆசனங்களைப் பெற்றது. தலைவர் செல்வநாயகம் காங்கேசன்துறையில் தோல்வியுற்றார். கோப்பாயில் கு. வன்னியசிங்கமும் திருகோணமலையில் என். ஆர். இராஜவரோதயமும் வென்றனர். சமஷ்டி இயக்கம் யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்கே பரவியது என்று வழமையாகச் சொல்லப்படுவதை இவ்வுண்மை சற்றுத் திருத்துகின்றது. யாழ்ப்பாணம் தயங்கி நின்ற வேளையிலேயே திருகோணமலை அக்கோரிக்கைக்கு வாக்களித்துவிட்டது.

இதற்குக் காரணத்தை மக்களின் மொழியுணர்விற் மட்டும் தேடுதல் பொருந்தாது. மொழிப் பிரச்சினை அப்போது முழு உக்கிரம் பெற்றிருக்கவில்லை. சிங்களம் மட்டும் சட்டம் வந்தது 1956இலேதான். திருகோணமலை மக்கள் கண்முன்னே கண்டது காணிப் பிரச்சினையை. கந்தளாய், அல்லை ஆகிய நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டங்கள் மாவட்டத்தின் உட்பகுதியை மாற்றத் தொடங்கியிருந்தன. குடிசன மதிப்பீடுகள் இதனைத் தெளிவுறுத்தும். 1921இல் மாவட்டச் சனத்தொகையில் ஏறத்தாழ 4 வீதமாக இருந்த சிங்கள மக்கள் 1946இல் ஏறத்தாழ 20 வீதமாயினர். அதன் ஒரு பகுதி யுத்தகாலக் கடற்படைத்தள வேலைகளின் விளைவு எனக் கொள்ளலாம். ஏனெனில் 1953இல் அவ்வீதம் சற்றுக் குறைந்தது. 1953க்கும் 1963க்கும் இடையில் நிகழ்ந்ததே பெரும் மாற்றம். ஏறத்தாழ 15,000 ஆக இருந்த தொகை 40,000ஐ அண்மித்தது. 1981இல் அது மாவட்டத்தின் மூன்றிலொரு பங்கு.

இங்கு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். கட்டுக்குளம்பற்றிலே பழைமையான சிங்களக் கிராமங்கள் இருந்தன. அம்மக்கள் எவராலும் குடியேற்றப்பட்டவரல்லர். குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தோரும் பிற மாகாணங்களில் நிலமற்றிருந்த ஏழை விவசாயிகளே. அவர்களைப் பகைவராகக் காண்பது வரலாற்று நோக்காகாது. நிலமற்றவனின் பசியையும் பெருந்தோட்டங்களின் கீழிருந்த நிலத்தையும் தொடாது, தொலைவிலுள்ள மாவட்டமொன்றின் சனத்தொகைச் சமநிலையைத் தொட்ட அரசின் கொள்கையே விசாரணைக்குரியது.

1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி தன் மாநாட்டைத் திருகோணமலையிற் கூட்டியமை தற்செயலன்று. சமஷ்டி, மொழிச் சமத்துவம், மலையக மக்களின் பிரசாவுரிமை என்பவற்றுடன், பாரம்பரியத் தமிழ்ப் பிரதேசங்களில் அரச குடியேற்றத்தை நிறுத்துதலும் அங்கு கோரிக்கையாயிற்று. 1957இன் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தமும் 1965இன் டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தமும் காணிப் பங்கீட்டைப் பற்றிப் பேசின. இரண்டும் நிறைவேறவில்லை.

1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தனர். தேசத்தின் இறைமையை நோக்க அது வரவேற்கத்தக்க நிகழ்வே. எனினும் தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளருக்கு அது வேலையிழப்பாகவும் வந்தது. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைப் பதவியாவிற் குடியமர்த்த எடுக்கப்பட்ட முயற்சி பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது; 1958 கலவரத்துக்கு முன்னோடியான கொந்தளிப்புகளுள் அதுவும் ஒன்று. துறைமுகத் தொழிலாளரின் குரல் இத்தொகுதியின் தேர்தல் வரலாற்றிலே தனித்துக் கேட்காமைக்கு இதுவும் ஒரு காரணம் போலும். தொழிலாளராக ஒன்றுபட்டு நின்றிருக்கக்கூடியோர் தமிழராகவும் சிங்களவராகவும் முஸ்லிம்களாகவும் வாக்குச்சாவடிக்குச் சென்றனர். இடதுசாரிக் கட்சிகள் இத்துறைமுகத்தில் அக்காலத்திற் பாராளுமன்ற ஆசனம் பெறவில்லை என்பதை நாம் வெட்கத்துடனேயே பதிவு செய்யவேண்டியுள்ளது.

1963இல் இராஜவரோதயம் காலமானபின் எஸ். எம். மாணிக்கராஜாவும், 1970இல் பா. நேமிநாதனும் தமிழரசுக் கட்சி சார்பில் திருகோணமலையின் உறுப்பினராயினர். 1960 முதல் மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியாக அமைந்தது. ஒரே தொகுதியில் ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் தெரிவாக அது வழிவகுத்தது; 1960இல் த. ஏகாம்பரமும் எம். ஈ. எச். முகம்மது அலியும், 1970இல் அ. தங்கத்துரையும் ஏ. எல். அப்துல் மஜீதும் அவ்வாறு தெரிவாயினர். நாம் அறிந்த தேர்தல் ஏற்பாடுகளுள் கொட்டியாபுரத்து மக்களின் வாழ்க்கை அமைப்புக்கு மிக நெருங்கியது இதுவே. தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் வயலையும் குளத்தையும் பகிரும் ஒரு பிரதேசத்தில், ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றேயாக வேண்டும் என்ற நியதியை அது தளர்த்தியது.

1976 எல்லை நிர்ணய ஆணைக்குழு இதனை முடிவுக்குக் கொண்டுவந்தது. மூதூர் ஒற்றை ஆசனமாயிற்று. கந்தளாய், சேருவில ஆகிய குடியேற்றப் பகுதிகளை மையமாகக் கொண்டு சேருவில என்னும் புதிய தொகுதி உருவாயிற்று. 1977இல் விளைவு வரைபடத்தைப் போலவே அமைந்தது. திருகோணமலையில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் இரா. சம்பந்தன், மூதூரில் ஐக்கிய தேசியக் கட்சியின் எம். ஈ. எச். மஹ்ரூப், சேருவிலவில் அதே கட்சியைச் சேர்ந்த சிங்கள உறுப்பினர் ஒருவர். மூன்று இனம், மூன்று ஆசனம் எனப் பார்வைக்கு நீதியாகத் தோன்றும் இவ்வமைப்பு, எந்த வேட்பாளரும் அயல் சமூகத்தவனின் வீட்டுவாசலுக்குச் செல்லவேண்டிய தேவையை இல்லாமற் செய்தது. மூதூரில் தோல்வியுற்ற தங்கத்துரையோடு அங்குள்ள தமிழரின் பாராளுமன்றக் குரலும் அடங்கிற்று.

விதைக்கப்பட்ட நிலம் காலப்போக்கில் தேர்தற்றொகுதியாக விளைந்தது. ஆயின் அறுவடைக்கு முன்னரே விதி மாற்றப்பட்டது. 1978 யாப்பு விகிதாசார முறையைக் கொணர்ந்தது. 1983இல் ஆறாந் திருத்தத்தின் விளைவாகச் சம்பந்தன் தம் ஆசனத்தை இழந்தார். அதன்பின் பாராளுமன்றத்துக்கான பொதுத் தேர்தல் 1989இலேதான் நடந்தது. மாவட்டம் முழுவதும் நான்கு உறுப்பினரைத் தெரியும் ஒரே அலகாயிற்று. இம்முறையின் நுட்பம் ஒன்றைக் கவனித்தல் தகும். அதிக வாக்குப் பெறும் கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம் உண்டு. எஞ்சிய மூன்றே வாக்கு விகிதப்படி பகிரப்படும். பெரிய மாவட்டமொன்றில் இம்மேலதிக ஆசனம் சிறு ஊக்கம். நான்கு ஆசனமுள்ள திருகோணமலையிலோ அது மொத்தத்தில் காற்பங்கு. மூன்று சமூகங்களும் ஏறத்தாழ மும்மடியாகப் பிரிந்து நிற்கும் மாவட்டத்தில், சில ஆயிரம் வாக்கு வேறுபாட்டில் முதலிடம் பெறுபவர் பாதி ஆசனங்களைப் பெறுவார்.

2000ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ் வாக்குகள் சிதறியமையால் மாவட்டத்திலிருந்து தமிழர் எவரும் தெரிவாகவில்லை. மறு ஆண்டு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானமைக்கு இவ்வதிர்ச்சியும் ஒரு தூண்டுகோல். 2001இல் அக்கூட்டமைப்பு மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலான வாக்குகளைப் பெற்று ஓர் ஆசனத்தையே அடைந்தது. 2004இல் ஏறத்தாழ 38 வீதத்தோடு முதலிடத்துக்கு வந்து இரு ஆசனங்களைப் பெற்றது. வாக்கில் நேர்ந்த உயர்வு சிறிது, ஆசனம் இரட்டித்தது. 2006இல் மூதூர் கிழக்கும் சம்பூரும் போரினால் வெறுமையாக்கப்பட்டபின் அந்நிலை திரும்பவில்லை.

இக்கணக்குகளின் நடுவே சிந்திய குருதியையும் சொல்லாது விடலாகாது. மூதூரின் முன்னாள் உறுப்பினர் அப்துல் மஜீத் 1987இல் கிண்ணியாவில் கொலையுண்டார். 1994இல் மீண்டும் பாராளுமன்றம் சென்ற தங்கத்துரை 1997 ஜூலை 5இல் திருகோணமலையின் பெண்கள் பாடசாலையொன்றில் நிகழ்ந்த விழாவின்போது கொல்லப்பட்டார். அவரை ஒரு காலத்தில் மூதூரிலே தோற்கடித்த மஹ்ரூப் அதே மாதம் 20இல் கொல்லப்பட்டார். எதிரெதிராக வாக்குக் கேட்ட இருவரும் பதினைந்து நாள் இடைவெளியில் மறைந்தனர். தங்கத்துரையின் இடத்துக்கே சம்பந்தன் மீண்டும் பாராளுமன்றம் வந்தார். 2015 முதல் 2018 வரை எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்தார்.

சம்பந்தன் 2024 ஜூன் 30இல் காலமானார். அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்ற தேர்தலில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்று, விதிப்படி இரு ஆசனங்களை எடுத்துக்கொண்டது. தமிழரசுக் கட்சியின் சண்முகம் குகதாசனும், கொல்லப்பட்ட மஹ்ரூப்பின் மகன் இம்ரானும் எஞ்சிய இரண்டைப் பெற்றனர். 1952இல் இராஜவரோதயம் வென்ற தொகுதி இன்று உறுப்பினரை அனுப்புவதில்லை. ஆயினும் தேர்தல் இரவில் வாக்குகள் இன்றும் திருகோணமலை, மூதூர், சேருவில என 1976இல் வரையப்பட்ட அம்மூன்று பெயர்களின் கீழேயே எண்ணி அறிவிக்கப்படுகின்றன.