லயத்துப் பாட்டும் சபைக் கீர்த்தனையும்

ஒரு சமூகத்தின் பாட்டு மறைந்தால், மக்களின் இரசனை கெட்டுவிட்டது என்று பெரியோர் குறை கூறுவது வழக்கம். ஜொகூர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் இசை வரலாற்றை நோக்கினால், இக்கூற்று முழு உண்மையன்று என்பது புலப்படும். இரசனை மாறுவதற்கு முன்பே பாட்டுக்குரிய இடமும் வேளையும் மாறிவிட்டன. ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீடுகளில் ஒலித்த நாட்டுப் பாடலையும் கிறிஸ்தவக் கீர்த்தனையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும்.

கப்பலேறி வந்த பாட்டு

1909-ஆம் ஆண்டில் கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான இரயில் பாதை நிறைவெய்தியது. அதன் இருமருங்கிலும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் முதலிய ஊர்களைச் சுற்றியிருந்த காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டி வந்தனர். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரையில் அவ்வாறு ஆள் சேர்ப்பது நடைபெற்றது.

வந்தவர் கொண்டுவந்த பாடல்கள் யாவும் இம்மண்ணில் பிழைக்கவில்லை. நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் முதலில் வழக்கொழிந்தன. நாற்று நடும் பெண்கள் வரிசையாக நின்று, ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் திருப்பிப் பாடுவர். பால் மரம் வெட்டுபவரோ இருள் பிரியுமுன் தம் நிரையில் தனியே நிற்பவர். அடுத்த ஆளின் குரல் கூட எட்டாத அத்தொழிலில் கூட்டுப் பாட்டுக்கு இடமில்லை. ஆகவே பாட்டு காட்டை விட்டு லயத்துக்கு வந்தது. தொட்டிலில் தாலாட்டும், திருவிழாவில் கும்மியும், சாவு வீட்டில் ஒப்பாரியும் நிலைத்தன. அவற்றில் கங்காணியும் கிராணியும் கப்பலும் பால் வாளியும் புதுச் சொற்களாகப் புகுந்தன. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குத் தோட்டத்து ஆண்களைக் கொண்டு சென்றபோது, அத்துயரமும் பாட்டாகியது. தோட்டத் தமிழர் எழுதி வைக்காத சரித்திரம் அப்பாடல்களிலேதான் இருந்தது.

கீர்த்தனையின் பிறப்பு

கிறிஸ்தவப் பாட்டு மேனாட்டிலிருந்து வந்தது என்று எண்ணுவோர் பலர். ஞானப்பாட்டுகளைப் பொறுத்த வரையில் அது சரியே. தரங்கம்பாடி மிஷனரிமார் ஜெர்மானியப் பாடல்களை அவற்றின் மெட்டிலேயே தமிழாக்கினர். ஆனால், கீர்த்தனையின் வேர் தமிழ் மண்ணில் உள்ளது. பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்து, தஞ்சையில் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் கற்ற வேதநாயகம் சாஸ்திரியார், குறத்தி குறி சொல்லும் குறவஞ்சி நாடகத்தைப் பெத்லகேம் குறவஞ்சியாக்கினார். ஏற்றம் இறைப்போரின் பாட்டு அவரால் ஞான ஏற்றப்பாட்டாயிற்று. கிணற்றடியில் பிறந்த மெட்டு, இவ்வாறு கோயிலுக்குள் புகுந்தது.

19-ஆம் நூற்றாண்டில் இப்பாடல்கள் அச்சேறின. இராகம், தாளம், பல்லவி, அனுபல்லவி, சரணம் ஆகிய குறிப்புகளோடு கீர்த்தனைப் புத்தகம் எல்லார் கைக்கும் கிடைத்தது. மலாயாவுக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவர் பலரின் தகரப் பெட்டியில் வேதப் புத்தகத்தோடு அதுவும் இருந்தது.

எழுபதுகளில் கேட்டவை

1970-களில் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் நான் சிறுவனாக இருந்தேன். மார்கழி மாதத்தில் எங்கள் லயம் இரு முறை விழித்திருக்கும். விடியலில் பஜனைக் கோஷ்டி திருவெம்பாவை பாடி வரும். கிறிஸ்துமஸ் நெருங்கும் இரவுகளில், கையில் விளக்கேந்திய கிறிஸ்தவக் குடும்பத்தார் வீடு வீடாய்ப் பாடி வருவர். இரு கோஷ்டிக்கும் வறக்காப்பி வைத்துக் கொடுத்தவர் என் பாட்டியார். பல்லவி ஒரு முறை காதில் விழுந்துவிட்டால், மறுநாள் கோலி விளையாடும்போது நாங்கள் சாதி சமய பேதமின்றி அதையே முணுமுணுப்போம்.

அந்நாளிலேயே மாறுதல் தொடங்கிவிட்டது. 1946-இல் தொடங்கிய மலாயா வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, திரைப்பாட்டை லயத்துக்குள் கொண்டுவந்திருந்தது. 1963-இன் இறுதியில் தொலைக்காட்சியும் வந்தது. 1976-இல் வெளியான ‘அன்னக்கிளி’ படத்தில் இளையராஜா கிராமத்து மெட்டைப் பின்னணி வாத்தியங்களோடு அமைத்துக் கொடுத்தார். லயத்துப் பெண்கள் தம் பாட்டைத் தாமே கேட்டது போல மகிழ்ந்தனர். ஆயினும், அன்றிலிருந்து அவர்கள் பாடுவது குறைந்து கேட்பது மிகுந்தது.

பின்னர்த் தோட்டங்களே மாறின. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போயின. லயத்து மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே கும்மியடிக்க முற்றம் ஏது? இரவில் ஒப்பாரி வைத்தால் அண்டை வீட்டார் பொறுப்பரோ?

எது நின்றது, ஏன் நின்றது

கீர்த்தனையும் மாறாமல் இல்லை. இன்று பல சபைகளில் கிதாரும் டிரம்ஸும் முழங்க, பெர்க்மான்ஸ் அவர்களின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்களே முன் நிற்கின்றன. எனினும், பழைய கீர்த்தனை அழியவில்லை. அதற்குப் புத்தகம் உண்டு. ஞாயிறுதோறும் கூடும் சபை உண்டு. உறுமி மேளத்தைப் பாருங்கள். அதற்குப் புத்தகம் இல்லை. ஆனால் தைப்பூசமும் கோயில் திருவிழாவும் உண்டு. ஆகவே மலேசிய இளைஞர் அதை விட்டுவிடவில்லை. 2006-இல் யோகி பி குழுவினர் ‘வல்லவன்’ என்னும் தொகுப்பால் தமிழில் ராப் இசை பாடித் தமிழகத்தையும் திரும்பிப் பார்க்க வைத்தனர். அவர்கள் வழி வந்த பிள்ளைகளுக்கு இரசனை இல்லையென்று யார் சொல்ல முடியும்?

தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் புத்தகமும் இல்லை, இப்போது வேளையும் இல்லை. இரா. தண்டாயுதம், முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் இந்நாட்டு நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்துப் பேருதவி புரிந்துள்ளனர். ஆயினும் ஏட்டில் சொல் மட்டுமே நிற்கும், மெட்டு நிற்காது. பள்ளிகளும் இதில் பின்தங்கின. 1983-இல் வந்த புதிய ஆரம்பப் பள்ளிக் கலைத்திட்டத்தின் இசைப் பாடத்துக்காக, பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ரெக்கார்டர் குழல் வாசிக்கக் கற்பித்தனர். தாலாட்டைப் பற்றி எவரும் பேசவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், என் பள்ளி மாணவி ஒருத்தியின் கொள்ளுப் பாட்டியாரிடம் பாட்டுக் கேட்கச் சென்றோம். தாலாட்டைத் தயங்காது பாடினார். ஒப்பாரியைக் கேட்டதும், “வாழுற வீட்டுல அதப் பாடப்படாது, வாத்தியாரய்யா” என்று மறுத்துவிட்டார். பின்னர்த் தாமே எழுந்து, வேலிக்கு அப்பாலிருந்த பழைய ரப்பர் மரத்தடியில் அமர்ந்து பாடினார். இரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத தம் தகப்பனாரின் பெயர் அதில் வந்தது. அப்பெயர் வேறெந்த ஏட்டிலும் இல்லை. மாணவியின் கைத்தொலைபேசியில் அது பதிவாயிற்று. அடுத்த ஆண்டு அம்மூதாட்டியார் காலமானார்.

பழைய பாட்டையே பாடுக என்று இன்றைய பிள்ளைகளை வற்புறுத்துதல் வீண். பாட்டி உள்ள வீடுகளில், அவர் குரலைப் பதிந்து வையுங்கள் என்று ஏவுதல் நம்மால் இயலும். ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியும் ஆண்டுக்குப் பத்துப் பாடல்களைச் சேர்த்தால் போதும். கருவி பிள்ளைகளின் சட்டைப் பையிலேயே இருக்கிறது; பாடுவோர்தாம் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.