கொள்ளைநோயும் சமூக அமைப்பும்: 1934–35 மலேரியாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

கொள்ளைநோயைத் தெய்வக் குற்றமாகக் காணும் மரபு நம்மிடையே நெடுங்காலம் நிலவியது. கிருமியை மட்டும் காரணமாகக் காட்டி அமைந்துவிடும் விளக்கமும் முழுமையானதன்று. கிருமி நோயைத் தோற்றுவிக்கின்றது. அந்நோய் கொள்ளைநோயாகப் பெருகுவதற்கான நிலைமைகளை இயற்கைச் சூழலும் சமூக அமைப்பும் சேர்ந்தே உருவாக்குகின்றன. இலங்கையின் 1934–35 மலேரியா இதற்குத் தக்க சான்றாகும்.

மலேரியா உலர்வலயத்தின் நிரந்தர நோயாக இருந்தது. ஈரவலயத்திலோ ஆறுகள் பெருகியோடியமையால் நோய்காவி நுளம்பின் குடம்பிகள் அடித்துச் செல்லப்பட்டன. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா, களனி, குண்டசாலையைத் தழுவிச் செல்லும் மகாவலி ஆகிய ஆறுகளின் நீரோட்டம் குன்றிப் படுகைகளில் குட்டைகள் தேங்கின. வெயில் படும் அத்தெளிநீரில் நுளம்பு பெருகியது. உலர்வலய மக்கள் இடையறாத தொற்றினாற் பெற்றிருந்த எதிர்ப்புச் சக்தி ஈரவலயத்தாருக்கு இருக்கவில்லை. ஏறத்தாழ 15 இலட்சம் பேர் நோயுற்றனர். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை, குருநாகல் பகுதிகளே பேரழிவைக் கண்டன.

வரட்சி நுளம்பைப் பெருக்கிற்று எனின், மரணத்தைப் பெருக்கியது யாது? 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் றப்பர், தெங்கு விலைகளை வீழ்த்தியிருந்தது. நெல் விளைச்சலும் பொய்த்தது. ஏற்றுமதிப் பெருந்தோட்டத்தையே அச்சாணியாகக் கொண்ட குடியேற்றப் பொருளாதாரத்தில் கிராமத்து ஏழை விவசாயி கையிருப்பின்றி நின்றான். பசியால் நலிந்த உடல்களிலேயே காய்ச்சல் உயிர்க்கொல்லியாயிற்று.

இவ்வுண்மையைச் சூரியமல் இயக்கத்தினர் களத்திலே கண்டனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் கொயினாவுடன் உணவையும் கிராமங்களுக்குக் கொண்டு சென்றனர். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1936இல் கேகாலைப் பகுதியின் றுவான்வெல்லைத் தொகுதியில் பெரேரா பெற்ற வெற்றியை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

பின்னைய வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. 1946இல் டி.டி.டி. தெளிப்புத் தொடங்கியது; 1963இல் 17 நோயாளரே பதிவாயினர். தெளிப்புத் தளர்ந்தபின், 1968–69இல் நோய் இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. 1980களில் கொத்மலை அணைக்குக் கீழே மகாவலி மெலிந்தபோது, படுகைக் குட்டைகளிலிருந்து மலேரியா மீண்டும் எழுந்தது. இம்முறை ஆற்றை வற்றச் செய்தது வானமன்று; அபிவிருத்தித் திட்டம்.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. இலவச மருத்துவமும் இடையறாத கண்காணிப்பும் ஈட்டித் தந்த பேறு அது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்ட நாடு, அவ்விரண்டையும் வீண்செலவெனக் குறைக்க முனையுமாயின், அதன் விலையை முதலிற் செலுத்துவோர் 1934இல் மாண்டோரின் வர்க்கத்தவரே ஆவர்.